கதை படிக்கிற பெண்ணுக்கு ஆள் பழக்கம் வருமா?

கேள்வி: "என் மகள் பி.காம் முதலாண்டு படிக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாண வீட்டில் ஒரு மூலையில் செல்போனோடு உட்கார்ந்திருப்பாள். 'நாவல் படித்தால் மற்றவர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் வளரும், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா? உண்மை என்றால் எந்த மாதிரிப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?"

பாதி உண்மை. அந்தப் பாதியும் வாட்ஸ்அப்பில் வந்த அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் தூக்கிப் போடக் கூடியதும் இல்லை. நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு ஆசையும் உண்டு, சந்தேகமும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

'நிரூபித்துவிட்டார்கள்' என்ற பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2013 அக்டோபரில். நியூயார்க்கில் 'நியூ ஸ்கூல்' என்ற பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கோமர் கிட், இமானுவேல் கஸ்தானோ இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மொத்தம் ஐந்து சோதனைகள். சிலருக்கு இலக்கியத் தரமான கதை, சிலருக்கு நன்றாக விற்கும் ஜனரஞ்சகக் கதை, சிலருக்குக் கட்டுரை, சிலருக்கு எதுவுமே இல்லை. கட்டுரை என்றால் உருளைக்கிழங்கு உலகத்தை எப்படி மாற்றியது, மூங்கிலை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்கிற மாதிரி. எல்லாம் சில நிமிட வாசிப்புதான். முடிந்தவுடன் ஒரு தேர்வு.

அந்தத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சைமன் பேரன்-கோஹென் உருவாக்கியது. இப்போது புழங்குவது 2001-இல் திருத்திய வடிவம். 36 கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொன்றிலும் முகத்தில் கண் இருக்கும் பட்டை மட்டும் தெரியும். மூக்கும் வாயும் வெட்டப்பட்டிருக்கும். சுற்றிலும் நான்கு சொற்கள். அந்தக் கண்ணுக்குரியவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஸ்ஸில் எதிர் சீட்டில் மாஸ்க் போட்டு உட்கார்ந்திருப்பவரை நாம் எடை போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். இலக்கியக் கதை படித்தவர்கள் இந்தத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள் என்றது அந்த 'சயின்ஸ்' கட்டுரை. பத்திரிகைகள் விடுமா? 'நேர்காணலுக்குப் போகும் முன் நல்ல சிறுகதை ஒன்று படியுங்கள்' என்கிற அளவுக்குப் போனது.

பிறகுதான் சிக்கல். 2016-இல் மரியா யூஜெனியா பனேரோவும் சகாக்களும் மூன்று தனித்தனி ஆய்வுக் குழுக்களாக, ஏறக்குறைய 800 பேரை வைத்து அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். சில பக்கம் படித்ததால் எந்த மாற்றமும் இல்லை. 2018-இல் இன்னொரு பெரிய முயற்சி. 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் 2010 முதல் 2015 வரை வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி செய்தார்கள். 13 தேறின, 8 தேறவில்லை. கிட், கஸ்தானோ சோதனை அந்த எட்டில் ஒன்று. தோசைக்கல் சூடாவது போல மனம் சில நிமிடத்தில் சூடேறிவிடும் என்ற கதை அங்கே முடிந்தது. வாட்ஸ்அப்புக்கு அந்தச் செய்தி மட்டும் வந்து சேரவில்லை.

ஆனால் அதே 2018-இல் டேவிட் டோடெல்-ஃபெடர், டயானா தமிர் இருவரும் இந்த வகைச் சோதனைகள் 14-ஐத் திரட்டிக் கணக்குப் போட்டபோது ஒரு சின்ன நன்மை மிஞ்சியது. விளைவின் அளவு 0.15 சொச்சம். இந்த எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளலாம். கதை படித்தவர் ஒருவர், படிக்காதவர் ஒருவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 ஜோடிகளைப் பொறுக்குங்கள். கதைக்குப் பலனே இல்லையென்றால் 50 ஜோடியில் படித்தவர் முந்துவார். 0.15 என்றால் 54 ஜோடியில் முந்துவார். அவ்வளவுதான். மருந்துக் கடையில் இப்படி ஒரு மாத்திரை விற்றால் நீங்கள் வாங்குவீர்களா என்று தெரியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இவை ஒரு சின்ன வாசிப்பின் விளைவு. ஒரு நாள் நடந்துவிட்டு எடை பார்ப்பது போல.

வருடக் கணக்கில் படிப்பவர்கள் கதை வேறு. டொரண்டோவில் ரேமண்ட் மார், கீத் ஓட்லி ஆகியோர் 2006-இல் இதைத்தான் பார்த்தார்கள். ஒருவர் வாழ்நாளில் எவ்வளவு கதை படித்திருக்கிறார் என்பதை எப்படி அளப்பது? நேராகக் கேட்டால் எல்லாரும் 'நிறையப் படிப்பேன்' என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஒரு தந்திரமான கருவி இருக்கிறது. பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, 'இதில் எழுத்தாளர் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களை டிக் செய்யுங்கள்' என்பார்கள். நடுநடுவே எழுத்தாளரே அல்லாத பெயர்கள் கலந்திருக்கும். அடித்துவிடுகிறவர் அதில் மாட்டிக்கொள்வார். கதாசிரியர்களை அதிகம் அறிந்தவர்கள் அந்தக் கண் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். கட்டுரையாளர்களை மட்டும் அறிந்தவர்களிடம் அந்தத் தொடர்பு இல்லை. முதல் சோதனையைத் தகர்த்த பனேரோ குழுவும் இந்த நீண்டகாலத் தொடர்பைத் தங்கள் தரவிலேயே கண்டது. 2009-இல் மார் குழு மறுபடி ஆராய்ந்தபோது உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு செய்தியும் கிடைத்தது: கதை வாசகர்களுக்கு உறவு, நட்பு ஆதரவு கூடுதலாகவே இருந்தது, தனிமை உணர்வு கட்டுரை வாசகர்களோடுதான் சேர்ந்து வந்தது. புத்தகப் புழு என்றால் உம்மணாமூஞ்சி என்ற நம் எண்ணத்துக்கு அங்கே சான்று இல்லை.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. மனிதர்களைக் கவனிக்கும் ஆர்வம் உள்ளவர்கள்தான் கதைப் பக்கம் போகிறார்களோ என்னவோ. குணவேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு நின்றது என்கிறார்கள்; ஆனால் எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது. இன்னொன்று, அந்தக் கண் தேர்வே பாதி சொல்வளத் தேர்வு. ஏக்கம் வேறு, ஆதங்கம் வேறு, விசனம் வேறு, அங்கலாய்ப்பு வேறு என்று தெரிந்தவருக்குச் சரியான சொல்லைப் பொறுக்குவது எளிது. கதை படித்தவருக்கு அந்தச் சொற்கள் கைவசம் இருக்கும். இதைக் குறை என்றே விமர்சகர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைய பிள்ளைகளைக் கவனியுங்கள். தூக்கம் இல்லாவிட்டாலும் 'கடுப்பா இருக்கு', நண்பன் அவமானப்படுத்தினாலும் 'கடுப்பா இருக்கு', தோழிக்குப் பரிசு கிடைத்தாலும் 'கடுப்பா இருக்கு'. மூன்றும் மூன்று விதமான வலி. பெயர் ஒன்றாகப் போனால் மருந்தும் ஒன்றாகப் போகிறது. தன் கடுப்பையே பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை அடுத்தவன் கடுப்பை எப்படிப் பிரிக்கும்?

சரி, கதை உள்ளே என்னதான் செய்கிறது? உளவியலில் 'தியரி ஆஃப் மைண்ட்' என்று ஒரு பதம் உண்டு. அடுத்தவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அதற்குள் இருப்பது என் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்கிற அறிவு. 1983-இல் ஹெய்ன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் இருவரும் குழந்தைகளிடம் ஒரு குட்டிக் கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை 'பச்சை' என்று சொல்லும். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்று நினைக்கும். நான்கு, ஐந்து வயதில்தான் 'அவனுக்குத் தெரியாதே, நீலத்தில்தான் தேடுவான்' என்பது பிடிபடத் தொடங்குகிறது. தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: குறிப்பறிதல். வள்ளுவர் அந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரம் எழுதினார். ஒன்று மன்னன் முகம் பார்க்க வேண்டிய அமைச்சனுக்கு, மற்றொன்று காதலிக்கிறவனுக்கு. வேலையிலும் காதலிலும் இதே திறன்தான் வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

இனி நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சிக்காக நானே எழுதிப்போன ஆறேழு வரி இது. சொல்பவன் ஒரு சின்னப் பையன்.

"சித்தப்பா வந்தபோது மணி மூன்று. அம்மா 'வாங்க' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காபி வந்தது. சர்க்கரை போட மறந்திருந்தாள். சித்தப்பா ஒரு வாய் குடித்தார். 'நல்லா இருக்கு அண்ணி' என்றார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார்."

சித்தப்பா ஏன் நல்லா இருக்கு என்றார் என்று கேட்டேன். "அவருக்குச் சுகர் சார்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். "கடன் கேட்க வந்திருப்பாரு. காபி நல்லா இல்லைன்னு சொன்னா காசு கிடைக்குமா?" என்றான் இன்னொருவன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வாரக்கணக்காக வந்தும் வாயே திறக்காதவள், "அம்மா மறக்கலை சார்" என்றாள்.

"மறந்திருந்தாள்னு போட்டிருக்கே" என்றான் முதல் பையன்.

"அது அந்தப் பையன் நினைச்சது."

அறை கொஞ்சம் அமைதியானது. காகிதத்தை எல்லாரும் மறுபடி படித்தார்கள். பிறகு அந்தக் 'கடன்'காரன்தான் மெதுவாகச் சொன்னான்: "அப்ப சித்தப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் நல்லா இருக்குன்னார்." டம்ளரைக் கழுவியது எதற்கு என்பதை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆறேழு வரியில் 'கோபம்' என்ற சொல் இல்லை. 'மன்னிப்பு' இல்லை. அம்மாவின் கோபம், அதைச் சித்தப்பா உணர்ந்தது, உணர்ந்ததை அவளுக்குத் தெரியப்படுத்தியது, இத்தனைக்கும் நடுவில் பையனுக்கு ஒன்றுமே புரியாதது: நான்கையும் பிள்ளைகளே தங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து எடுத்து நிரப்பினார்கள். என் கருத்தில் கதை தரும் பயிற்சி இதுதான். எழுதியவர் விட்டுவைத்த இடத்தைப் படிப்பவர் நிரப்ப வேண்டியிருக்கிறது. கிட், கஸ்தானோவும் இலக்கியக் கதை வாசகரை வேலை வாங்குகிறது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அவர்கள் சோதனை தோற்றது. அந்தக் காரணம் தோற்றதாக நான் நினைக்கவில்லை.

இதற்கு ஆதரவாக எனக்குப் பிடித்த ஆய்வு, அதிகம் பேர் பேசாத ஒன்று. 2004-இல் ஜோன் பெஸ்கின், ஜேனட் ஆஸ்டிங்டன் இருவரும் டொரண்டோவில் செய்தது. சின்னக் குழந்தைகளுக்கான படக்கதைகளை எடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் 'அவன் நினைத்தான்', 'அவளுக்குத் தெரியும்', 'அவன் யூகித்தான்' என்று மனச் சொற்களை நிறையச் சேர்த்து எழுதிப் படித்துக் காட்டினார்கள். மற்றக் குழுவுக்கு அந்தச் சொற்கள் இல்லாத அதே கதைகள். முதல் குழுக் குழந்தைகள் அந்தச் சொற்களைப் பேச்சில் அதிகம் பயன்படுத்தினார்கள். ஆனால் கதாபாத்திரம் தவறாக நம்பிக்கொண்டிருப்பதை விளக்கச் சொன்னபோது முந்தியது இரண்டாவது குழு. ஊட்டிவிட்ட பிள்ளையைவிடத் தானே பிசைந்து சாப்பிட்ட பிள்ளைக்குத்தான் கை பழகியிருந்தது.

இந்த உத்தியில் நம்மவர்களுக்கு ஈராயிரம் வருஷப் பழக்கம். சங்க அகப் பாடல்களின் கீழே, யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் துறைக் குறிப்பு ஒன்று இருக்கும். அவற்றில் அடிக்கடி வருவது சிறைப்புறம். தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். தெரியாதவள் போலத் தலைவியிடம் பேசுகிறாள்: ஊர் பேச ஆரம்பித்துவிட்டது, தாய் காவல் கூட்டிவிட்டாள், இனி இரவில் சந்திப்பது கஷ்டம். பேச்சு தலைவிக்கு, செய்தி தலைவனுக்கு: ஒளிந்து வந்தது போதும், வந்து பெண் கேள். இங்கே எத்தனை மனம் அடுக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தான் கேட்பது தோழிக்குத் தெரியாது என்று தலைவன் நினைக்க வேண்டும் என்று தோழி நினைக்கிறாள். முதலாண்டு உளவியல் மாணவர்களுக்கு 'இரண்டாம் படி, மூன்றாம் படி மன ஊகம்' என்று கரும்பலகையில் படம் போட்டு நான் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பேசாமல் ஒரு பாட்டைச் சொல்லியிருக்கலாம். அல்லது, மருமகள் காதில் விழட்டும் என்று பூனையைத் திட்டுகிற மாமியாரைச் சொல்லியிருக்கலாம். ஜாடைப் பேச்சு என்பது சிறைப்புறத்தின் கெட்டுப்போன பேத்திதானே.

இதனால்தான் 'சீரியல் பார்த்தால் போதாதா, அதிலும் கதைதானே' என்று கேட்பவர்களுக்கு நான் கொஞ்சம் தயங்கிப் பதில் சொல்வேன். நம் மெகா சீரியலில் யார் மனதில் என்ன இருக்கிறது என்பதை மைண்ட் வாய்ஸாகச் சொல்லி, முகத்தை மூன்று முறை இழுத்துக் காட்டி, இசையும் போட்டுவிடுகிறார்கள். நிரப்ப ஒன்றும் மிச்சமில்லை. அதற்காகத் திரை என்றாலே பயனில்லை என்று சொல்ல மாட்டேன். ஜெசிகா பிளாக், ஜெனிஃபர் பார்ன்ஸ் இருவரும் 2015-இல் விருது பெற்ற அமெரிக்க நாடகத் தொடர்களையும் ஆவணப்படங்களையும் காட்டிப் பார்த்தபோது, நாடகம் பார்த்தவர்கள் அதே கண் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு முறை பார்த்து உடனே சோதித்த ஆய்வு என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். காகிதமா திரையா என்பதைவிட, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பதே பெரிய கேள்வி.

இதுவரை சொன்னது புரிந்துகொள்வது பற்றி. அடுத்தவர் மனம் புரிந்தால் அவர்மேல் கரிசனம் வந்துவிடுமா? வராது. அடுத்தவர் மனதை மிக நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களில் கந்துவட்டிக்காரரும் உண்டு, ஏமாற்றுக்காரரும் உண்டு. வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் எழுதிய உளவியல் நூலில் ஒரு ரஷ்யச் சீமாட்டி வருகிறாள். அரங்கத்துக்குள் நாடகப் பாத்திரங்களுக்காக அவள் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, வெளியே வண்டியில் அவளுடைய வண்டிக்காரன் பனியில் விறைத்துச் செத்துக்கொண்டிருக்கிறான். கதைக்கு அழுவது ஒரு சொகுசாகவும் ஆகலாம் என்று அவர் பயந்தார். பயம் நியாயமானது.

எப்போது கரிசனம் பக்கம் நகர்கிறது என்பதற்குச் சில தடயங்கள் உண்டு. நெதர்லாந்தில் மத்தைஸ் பால், மார்ட்டைன் வெல்ட்காம்ப் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் மூழ்கியவர்களின் ஒத்துணர்வு ஒரு வாரம் கழித்துக் கூடியிருந்தது. ஒட்டாமல் படித்தவர்களிடம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் துணைப்பாடத்தை மதிப்பெண்ணுக்காக விழுங்கிய நம் பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு அது ஆச்சரியம் தராது. இத்தாலியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு லோரிஸ் வெட்ஸாலி குழு ஹாரி பாட்டரிலிருந்து பகுதிகளைப் படித்தது. பாரபட்சம் பற்றிய பகுதிகளைப் படித்து ஆய்வாளரோடு பேசிய பிள்ளைகளிடம் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் பற்றிய எண்ணம் மேம்பட்டது. அதுவும் ஹாரியோடு தன்னை ஒன்றாக நினைத்த பிள்ளைகளிடம் மட்டும். படித்ததோடு விடாமல் உட்கார்ந்து பேசினார்கள் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

புரிவதற்கும் செய்வதற்கும் நடுவிலும் ஒரு தூரம் இருக்கிறது. அதற்கு நானே சாட்சி. பதினைந்து வயதிலிருந்து கதை படிக்கிறேன். துக்க வீட்டுக்குப் போனால் இன்றும் எனக்கு வாய் வராது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் முகத்திலும் என்ன ஓடுகிறது என்பது நன்றாகத் தெரியும். யார் அழாமல் இருக்கப் பாடுபடுகிறார், யார் சொத்தைப் பற்றி யோசிக்கிறார், எல்லாம் தெரியும். செருப்பைக் கழற்றி, உள்ளே போய், கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாது. என் மனைவி கதை படிக்கிற ஜாதி இல்லை. அவள் போய் நேராக அடுப்படியில் நுழைந்து, 'பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?' என்று கேட்டு வேலையில் இறங்கிவிடுவாள். எந்த நாவலும் எனக்கு அதைக் கற்றுத் தரவில்லை. பேசப் பழகுவதற்குப் பேசத்தான் வேண்டும். நீச்சல் பற்றிப் படிப்பது நீச்சல் ஆகாது.

இப்போது உங்கள் மகள். நீங்கள் எழுதியதிலிருந்து அவளுக்கு அடுத்தவர் மனம் புரியவில்லை என்பதற்கு எனக்கு ஒரு அறிகுறியும் தெரியவில்லை. கதவைச் சாத்துகிறாள், அவ்வளவுதான். வருகிற விருந்தாளி என்ன கேட்பார் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கலாம்: எத்தனை பர்சென்ட், ஏன் இஞ்சினியரிங் சேரவில்லை, ஏன் இப்படி இளைத்துவிட்டாய், எப்போது கல்யாணச் சாப்பாடு. கூச்சம் வேறு, குறிப்பறியாமை வேறு. எங்கள் நூலகத்தில் 'அம்மா மறக்கலை' என்று கண்டுபிடித்த பெண் மற்ற எல்லாரையும்விடக் கூச்சக்காரி. கூச்சம் உள்ள பிள்ளைக்கு நாவலை மருந்தாகக் கொடுத்தால், கதவுக்குள் இருக்க இன்னொரு நல்ல காரணம் கிடைத்தது என்றுதான் ஆகும். கல்லூரிக்கே போக மறுக்கிறாள், சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, பழைய தோழிகளையும் விட்டுவிட்டாள் என்கிற நிலை இருந்தால் புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் கதையால் அவளுக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்களும் சேர்ந்து படிக்க வேண்டும். கூச்சக்காரர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். மூன்றாம் மனிதரைப் பற்றி என்றால் பேசுவார்கள். கதாபாத்திரம் அந்த மூன்றாம் மனிதர். சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண் தன் வீட்டைப் பற்றியும் பேசினாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமை கால் மணி முன்னதாக வந்து நாற்காலி போடுகிறாள். அது கதையாலா, நாற்காலியாலா, கூட வருகிற இரண்டு தோழிகளாலா என்று கேட்டால் ஆய்வாளனாக என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

புத்தகத்தைப் பெயர் சொல்லிக் கேட்டீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவள் ருசி எனக்குத் தெரியாது. கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். புத்தகத்தை நடுவில் பிரியுங்கள். உரையாடல் வரும் பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னாலும் 'என்றாள் கோபத்துடன்', 'என்றான் ஏக்கம் ததும்ப', 'என்றார் உள்ளூர வருந்தியபடி' என்று போட்டிருக்கிறதா? திரும்ப வைத்துவிடுங்கள். வெறும் 'என்றாள்' மட்டும் இருந்தும், அவள் கோபமாக இருக்கிறாள் என்று உங்களுக்கே தெரிகிறதா? வாங்குங்கள். நாவலில் தொடங்க வேண்டாம். ஏழெட்டுப் பக்கச் சிறுகதை போதும். மாவட்ட நூலகத்தில் தொகுப்புகள் கொட்டிக் கிடக்கின்றன, காசும் மிச்சம். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு சாப்பாட்டு மேசையில் சும்மா வைத்துவிடுங்கள். 'படிச்சியா?' என்று விரட்டாதீர்கள். நெதர்லாந்து ஆய்வு ஞாபகம் இருக்கட்டும். படித்துவிட்டாள் என்று தெரிந்தால் 'இதில் கருத்து என்ன?' என்று கேட்காதீர்கள். அது பழைய தமிழ் இரண்டாம் தாள் கேள்வி. 'அவன் ஏன் அப்படிச் சொன்னான்?' என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குத் தப்பாகப் பட்டாலும் திருத்தாமல் கேளுங்கள். முடிந்தால் நீங்கள் புரிந்துகொண்டதையும் சொல்லுங்கள், அவள் திருத்தட்டும்.

உடனே கதை கிடைக்கவில்லை என்றால் அந்தச் சர்க்கரை இல்லாத காபியை ஒரு துண்டுத் தாளில் எழுதி இன்றைக்கே வையுங்கள். சித்தப்பா அப்படி என்ன தப்புச் செய்திருப்பார் என்று மட்டும் கேளுங்கள். எழுதிய எனக்கே தெரியாது. பாகப்பிரிவினையில் கையெழுத்து மாற்றிப் போட்டார் என்கிறான் ஒருவன், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து எட்டிப் பார்க்கவில்லை என்கிறாள் அந்தப் பெண். நூலகத்தில் அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.